மூட்டில் தொடங்கித் தண்டுவடம் வரை: நல்கொண்டா நீரின் வரலாறு

ஹைதராபாத்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில் உள்ள நல்கொண்டா, புளோரைடு நோயால் உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்ற ஊர். குடிநீரில் கரைந்துள்ள புளோரைடு ஆண்டுக்கணக்கில் உடலில் சேர்ந்து முதலில் பல்லைக் கறையாக்குகிறது. அடுத்து மூட்டுகளை இறுக்குகிறது. முற்றிய நிலையில் முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடத்தை நெருக்கிக் கைகால்களை முடக்குகிறது. இந்த நோயின் இயல்பை அறிய உதவிய ஆய்வுகளில் முக்கியமானவை ஹைதராபாத்தின் மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் நடந்தன. முற்றிய நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை என்பதும், நல்ல தண்ணீரே ஒரே தடுப்பு என்பதும் தொடக்க ஆய்வுகளிலேயே தெளிவாகிவிட்டன. அந்தத் தண்ணீர் கிராமத்துக் குழாயை எட்டுவதற்குத்தான் பல தலைமுறைகள் ஆயின.

பாறையும் நீரும்

தெலங்கானாவின் இந்தப் பகுதி மிகப் பழமையான கருங்கல் பாறைகளின் மேல் அமைந்தது. புளோரைட், அபடைட், பயோடைட் போன்ற கனிமங்கள் இந்தப் பாறைகளில் கலந்துள்ளன. அவற்றில் புளோரின் அடங்கியிருக்கிறது. மழை குறைவு, வெயில் கடுமை. மண்ணுக்குள் இறங்கும் கொஞ்ச நீர் பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தேங்கிக் கிடக்கிறது. அந்த நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால் புளோரைடு அதனுடன் சேர்ந்து படிந்துவிடும். நல்கொண்டாவின் பல இடங்களில் நிலத்தடி நீரில் கால்சியம் குறைவு, சோடியமும் பைகார்பனேட்டும் அதிகம். ஆகவே புளோரைடு படியாமல் நீரிலேயே தங்கிவிடுகிறது.

குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைடு வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தரக் கட்டுப்பாடு 1 மில்லிகிராமை விரும்பத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் மட்டும் 1.5 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வைத்திருக்கிறது. அளவு 3 முதல் 6 மில்லிகிராம் வரை போனால் எலும்பில் மாற்றம் தொடங்கலாம். 10-ஐத் தாண்டினால் உடலை முடக்கும் நோய் வரலாம். வெயிலில் உழைக்கும் விவசாயக் கூலி ஒருவர் நிழலில் வேலை செய்பவரைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கிறார். ஒரே கிணற்று நீரைக் குடித்தவர்களில் கடுமையாக உழைத்தவர்களிடமே நோய் அதிகம் காணப்பட்டதற்கு இது ஒரு காரணம்.

நெல்லூரின் மாடுகள்

புளோரின் பற்றிய அறிவு உலக அளவிலேயே மெதுவாகத்தான் வளர்ந்தது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901-ல் வந்த பல் மருத்துவர் பிரெடரிக் மெக்கே, அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கண்டு, பல ஆண்டுகள் அதன் காரணத்தைத் தேடினார். 1931-ல் எச்.வி. சர்ச்சில் என்ற வேதியியலாளர் அத்தகைய ஊர்களின் நீரில் புளோரைடு மிகுந்திருப்பதை அளந்து காட்டினார். மறு ஆண்டு டென்மார்க்கில் புளோரின் அடங்கிய கிரையோலைட் தாதுவை அரைக்கும் ஆலைத் தொழிலாளர்களின் எக்ஸ்-ரே படங்களில் எலும்பு வழக்கத்துக்கு மாறாகக் கெட்டியாகி இருப்பது கண்டறியப்பட்டது. பல்லும் எலும்பும் ஒரே பொருளால் பாதிக்கப்படுகின்றன என்பது அப்போதுதான் துலங்கியது.

தென்னிந்தியாவில் முதலில் கண்ணில் பட்டவை மாடுகள். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் உழவு மாடுகள் மூட்டு இறுகி, நடக்க முடியாமல் போவதை விவசாயிகள் கவனித்தனர். அதே ஊர்களில் மனிதர்களுக்கும் முதுகு விறைத்து, கழுத்துத் திரும்பாமல் போயிற்று. சென்னை கிண்டியில் உள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தின் எச்.இ. ஷார்ட், சி.ஜி. பண்டிட், டி.என்.எஸ். ராகவாச்சாரி ஆகியோர் இதை ஆராய்ந்து 1937-ல் அறிக்கை வெளியிட்டனர். இந்தியாவில் புளோரைடு நோய் மனிதர்களிடம் முறையாகப் பதிவானது அப்போதுதான். பண்டிட் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரானார். குடிநீரே காரணம் என்பதோடு, முற்றிய நோயாளிகளுக்கு நரம்புக் கோளாறு உண்டாவதையும் அந்த ஆண்டிலேயே சென்னை மருத்துவர்கள் எழுதிவைத்தனர்.

உஸ்மானியா மருத்துவமனையின் நோயாளிகள்

நெல்லூருக்கு வடக்கே, நிஜாமின் ஹைதராபாத் அரசின் எல்லைக்குள் இருந்தது நல்கொண்டா. 1940-களின் பிற்பகுதியில் அது தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் மையம். நிலமற்றவர்களும் கொத்தடிமைகளும் நிறைந்திருந்த கிராமங்களில் மூட்டு விறைப்பும் கூனலும் வயோதிகத்தின் இயல்பு என்றே கொள்ளப்பட்டன. நாற்பது வயதிலேயே கூன் விழுந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள்.

நிலைமை முற்றியவர்கள் ஹைதராபாத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். மூசி ஆற்றங்கரையில் அஃப்சல்கஞ்ச் பகுதியில் உள்ள உஸ்மானியா மருத்துவமனைதான் அன்று மாநிலத்தின் பெரிய அரசு மருத்துவமனை. மருத்துவர் ஏ.எச். சித்திக்கி நல்கொண்டா நோயாளிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1955 டிசம்பரில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் வெளியானது. நல்கொண்டா நோய் உலக மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது இந்தக் கட்டுரையால். எக்ஸ்-ரே படங்கள், மூட்டுகளின் நிலை, நரம்புக் கோளாறின் அறிகுறிகள் ஆகியவற்றை நோயாளிகளின் வாழ்க்கை முறையோடு சேர்த்து அது விவரித்தது.

அதே டிசம்பரில் நல்கொண்டா மாவட்ட எல்லையில், கிருஷ்ணா ஆற்றின் குறுக்கே நாகார்ஜுன சாகர் அணைக்கு ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். நோய்க்கான விடை அந்த ஆற்று நீரில் இருந்தது. நல்கொண்டாவின் மேட்டு நிலக் கிராமங்களுக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மூட்டு வாதமா, புளோரைடா?

உடலுக்குள் போகும் புளோரைடில் பெரியவர்கள் ஏறத்தாழ பாதியைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறார்கள். மீதியில் பெரும்பகுதி எலும்பிலும் பல்லிலும் போய்ச் சேர்கிறது. வளரும் குழந்தைகளின் எலும்பில் இன்னும் அதிகமாகத் தங்குகிறது. எலும்பின் அடிப்படைக் கனிமமான ஹைட்ராக்சி அபடைட்டில் ஹைட்ராக்சில் இருக்கும் இடத்தைப் புளோரைடு பிடித்துக்கொள்கிறது. எலும்பைக் கட்டும் செல்களையும் அது தூண்டுகிறது. புதிய எலும்பு தேவையற்ற இடங்களில் வளர்கிறது. எலும்பை எலும்போடு பிணைக்கும் தசைநார்களும் சுண்ணாம்பு ஏறிக் கெட்டியாகின்றன. முதலில் பாதிக்கப்படுபவை முதுகெலும்பும் இடுப்பெலும்பும்.

பற்களின் எனாமல் உருவாவது ஏறத்தாழ எட்டு வயது வரை. அந்த வயதுக்குள் புளோரைடு நீரைக் குடித்தவர்களுக்கு மட்டுமே பற்களில் வெண்புள்ளியும் பழுப்புக் கோடுகளும் வருகின்றன. வளர்ந்த பிறகு திருமணமாகி அந்த ஊருக்கு வந்த பெண்ணின் பற்கள் வெண்மையாகவே இருக்கும். அவருடைய மூட்டுகள் மட்டும் கெடும். பல்லை வைத்து மட்டும் நோயை முடிவுசெய்ய முடியாது என்பதை மருத்துவர்கள் இதிலிருந்து அறிந்தார்கள்.

ஆரம்ப அறிகுறிகள் எல்லாம் மூட்டு வாதத்தைப் போன்றவை: முதுகு வலி, காலையில் எழும்போது விறைப்பு, முழங்கால் வலி, கைகால்களில் குத்தல். ஆகவே பலர் ஆண்டுக்கணக்கில் வாத மருந்தே சாப்பிட்டு வந்தார்கள். முடக்கு வாதத்தில் மூட்டுச் சவ்வு அழற்சியடைந்து வீங்கிச் சூடாகிறது. இரத்தச் சோதனையிலும் அழற்சி தெரிகிறது. புளோரைடு நோயில் பெரும்பாலும் அத்தகைய வீக்கமோ சூடோ இருப்பதில்லை. மூட்டைச் சுற்றியுள்ள நார்களும் எலும்பும் கெட்டியாவதால்தான் அசைவு நின்றுபோகிறது. முழங்கைக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வில் சுண்ணாம்பு ஏறியிருப்பதை எக்ஸ்-ரே காட்டினால் நோய் உறுதி. முதுகெலும்பின் படம் பளிச்சென்று வெண்மையாகத் தெரியும். எலும்பின் உள்ளமைப்பு கண்ணுக்குப் புலப்படாது.

எக்ஸ்-ரே வசதி இல்லாத கிராமத்தில் சுகாதாரப் பணியாளர்கள் மூன்று எளிய சோதனைகளைச் செய்கிறார்கள். தரையில் ஒரு நாணயத்தைப் போட்டு, முழங்காலை மடக்காமல் குனிந்து எடுக்கச் சொல்கிறார்கள். மோவாயால் மார்பைத் தொடச் சொல்கிறார்கள். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மடக்கித் தலையின் பின்புறத்தைத் தொடச் சொல்கிறார்கள். முதுகும் கழுத்தும் தோளும் எந்த அளவுக்கு இறுகியுள்ளன என்பது இதில் தெரிந்துவிடும். குனிய முடியாதவர் நாணயத்தை எடுப்பதற்காக முழங்காலை மடக்கி உட்கார்ந்துவிடுவார். மத்திய அரசு 2008-09-ல் தொடங்கிய தேசிய புளோரைடு நோய்த் தடுப்புத் திட்டத்திலும் இந்தச் சோதனைகள் இடம்பெற்றன.

நரம்பைத் தொடும்போது

முதுகெலும்புகளின் நடுவே உள்ள குழாயில்தான் தண்டுவடம் செல்கிறது. ஒவ்வோர் எலும்புக்கும் இடையே உள்ள துளை வழியே நரம்பு வேர்கள் வெளியே வருகின்றன. புளோரைடு நோயில் எலும்பின் உட்புறமும் கெட்டியாகி, பின்புறத் தசைநார் எலும்பாகவே மாறி, அந்தக் குழாய் சுருங்குகிறது. நரம்பு வேர்கள் நெருக்கப்பட்டால் கையில் வலியும் மரத்துப்போதலும் வருகின்றன. தண்டுவடமே நெருக்கப்பட்டால் கால்கள் விறைத்து, நடை தடுமாறி, பிறகு படுக்கையே கதியாகிறது. பெரும்பாலும் கழுத்துப் பகுதியில்தான் இது நிகழ்கிறது. நோய்ப் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்களிடம், அதிலும் சுமை தூக்கி உழைத்த ஆண்களிடம், இது அதிகம்.

இந்த நரம்பியல் பகுதியை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஹைதராபாத்தின் மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் டி. ராஜா ரெட்டி முக்கியமானவர். 1979-ல் மருத்துவ நரம்பியலின் பெரிய கையேட்டுத் தொகுப்பில் எலும்புப் புளோரைடு நோய் பற்றிய அத்தியாயத்தை எழுதினார். 2009-ல் 'நியூராலஜி இந்தியா' இதழில் அதன் நரம்பியலை மீண்டும் தொகுத்துரைத்தார். எலும்பு நோய் முற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நரம்புக் கோளாறு வருகிறது என்பது அவர் தந்த கணிப்பு. நரம்புக்கு நேரும் சேதம் முக்கியமாக நெருக்கத்தால் வருவது என்ற கருத்தை அவருடைய ஆய்வுகள் உறுதிப்படுத்தின. அவர் பின்னர் இயக்குநராக இருந்த நிம்ஸ் எனப்படும் நிஜாம் மருத்துவ அறிவியல் கழகம், 1960-களில் நிஜாமின் அறக்கட்டளை பஞ்சாகுட்டாவில் தொடங்கிய எலும்பு மருத்துவமனையிலிருந்து வளர்ந்தது. பஞ்சாபில் பட்டியாலாவைச் சேர்ந்த அமர்சிங்கும் அவரது குழுவினரும் 1960-களின் தொடக்கத்தில் இதே நோயின் நரம்பியல் விளைவுகளைப் பற்றி எழுதினர்.

அறுவை சிகிச்சை கடினமானது. தண்டுவடத்தின் மேலுள்ள எலும்பை நீக்கி நெருக்கத்தைத் தளர்த்த வேண்டும். அந்த எலும்போ தந்தத்தைப் போல் இறுகிக் கிடக்கும். ஒரே நோயாளிக்குப் பல இடங்களில் குழாய் சுருங்கியிருக்கும். சிலர் மீண்டும் எழுந்து நடந்தார்கள். நீண்ட காலம் நெருக்கப்பட்ட நரம்பு பலருக்கு முழுமையாக மீளவில்லை.

உண்மையான மூட்டு அழற்சியில் நரம்பு மண்டலம் வேறொரு வழியில் பாதிக்கப்படுகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் மைக்ரோகிளியா என்ற நோயெதிர்ப்புச் செல்கள் வாழ்கின்றன. 1919-ல் ஸ்பெயின் நாட்டு அறிவியலாளர் பியோ டெல் ரியோ-ஒர்த்தேகா இவற்றைத் தனி வகையாக அடையாளம் காட்டினார். விலங்குகளின் மூட்டில் அழற்சி உண்டாக்கிப் பார்த்த சோதனைகளில், அந்த மூட்டின் வலிச் செய்தி வந்து சேரும் தண்டுவடப் பின்புறப் பகுதியில் மைக்ரோகிளியா உருமாறிச் செயலூக்கம் பெறுவது தெரிந்தது. அவை வெளியிடும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் போன்ற பொருள்கள் நரம்புச் செல்களை மேலும் உணர்வுமிக்கவையாக்குகின்றன. மூட்டு வீக்கம் வடிந்த பின்னும் வலி நீடிப்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதிக அளவு புளோரைடு கொடுக்கப்பட்ட எலிகளின் மூளையிலும் மைக்ரோகிளியா தூண்டப்படுவதைச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. நல்கொண்டா நோயாளிகளின் முடக்கத்துக்கோ எலும்பின் நெருக்கமே முதன்மைக் காரணம்.

சோளமும் புளியும்

ஹைதராபாத்தின் தார்நாகா பகுதியில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் நீலகிரியில் இருக்கிறது. 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆய்வுக்காகத் தொடங்கிய சிறு கூடம் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. 1969-ல் இன்றைய பெயரைப் பெற்றது. வீட்டு வாசலிலேயே இருந்த நல்கொண்டா நோயை அது ஊட்டச்சத்தின் கோணத்தில் ஆராய்ந்தது.

1973-ல் இந்த நிறுவனத்தின் கே.ஏ.வி.ஆர். கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணசுவாமியும் 'லான்செட்' இதழில் ஒரு புதிய தோற்றத்தைப் பதிவுசெய்தார்கள். வளரும் பருவத்துப் பிள்ளைகளின் முழங்கால்கள் ஒன்றோடொன்று தட்டும்படி உள்நோக்கி வளைந்தன. கணுக்கால்கள் அகன்று நின்றன. அவர்களது முதுகெலும்பு கெட்டியாகியிருந்தது. கைகால் எலும்புகளோ அதற்கு நேர்மாறாகச் சத்திழந்து மெலிந்திருந்தன. பெரியவர்களிடம் கண்ட நோயில் இல்லாத அம்சம் இது.

ஏன் இப்போது, ஏன் பிள்ளைகளுக்கு என்ற கேள்விக்கு நிறுவனத்தார் உணவில் விடை தேடினார்கள். மேட்டு நிலத்து ஏழைகளின் முக்கிய உணவு சோளம். சோளம் உண்பவர்களின் உடலில் அரிசி உண்பவர்களைவிடப் புளோரைடு அதிகம் தங்குவதைச் சோதனைகள் காட்டின. பாதிக்கப்பட்ட பகுதிகளில் விளைந்த தானியத்தில் மாலிப்டினம் அதிகம் இருந்தது. மாலிப்டினம் மிகும்போது உடலிலிருந்து செம்புச் சத்து கூடுதலாக வெளியேறுகிறது. எலும்பின் உறுதிக்குச் செம்பு தேவை. நாகார்ஜுன சாகர் அணை நிரம்பிய பின் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து மண்ணின் தன்மை மாறியதால் தானியத்தில் மாலிப்டினம் கூடியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தண்ணீரில் புளோரைடு எவ்வளவு என்பது மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை, தட்டில் இருக்கும் உணவும் தீர்மானிக்கிறது என்ற உண்மை இப்படி நிலைநாட்டப்பட்டது. பால், கீரை, கால்சியம், வைட்டமின் சி ஆகியவை கிடைத்த குடும்பங்களில் பாதிப்பு குறைவாக இருந்ததும் இதனுடன் பொருந்தியது.

தென்னிந்தியச் சமையலில் அன்றாடம் இருக்கும் ஒரு பொருளையும் நிறுவனம் சோதித்தது. 2002-ல் வெளியான அதன் ஆய்வில், புளி சேர்த்து உண்ட சிறுவர்களின் சிறுநீரில் புளோரைடு கூடுதலாக வெளியேறியது. எலும்பில் சேரவேண்டியதில் ஒரு பங்கு வெளியே போகிறது என்பது இதன் பொருள். சாம்பாரும் புளிக்குழம்பும் நல்ல தண்ணீருக்கு மாற்றாகா. ஆயினும் ஏழை வீட்டில் எளிதில் கிடைக்கும் ஒரு துணை அது.

படிகாரமும் சுண்ணாம்பும்

நோயாளிகளைக் குணப்படுத்த முடியாத நிலையில் தண்ணீரைத் திருத்தும் வேலை தொடங்கியது. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் 1960-களிலிருந்து பல வழிகளைச் சோதித்தது. நிறுவனத்தின் நவ்லாகே, குல்கர்னி, பதக், புலுசு ஆகியோர் 1975-ல் வெளியிட்ட முறைக்கு நல்கொண்டா முறை என்றே பெயர் நிலைத்தது.

இதன் பொருள்கள் எந்தச் சந்தையிலும் கிடைப்பவை: படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர். வீட்டு அளவில் 40 லிட்டர் பிடிக்கும் ஒரு பாத்திரம் போதும். அதன் அடியிலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் மேலே குழாய் பொருத்தியிருக்கும். நீரின் காரத்தன்மைக்கும் புளோரைடின் அளவுக்கும் ஏற்பச் சுண்ணாம்பையும் படிகாரத்தையும் போட்டுப் பத்து நிமிடம் கலக்குகிறார்கள். படிகாரத்திலிருந்து உண்டாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடு பஞ்சுபோன்ற திரளாகி, புளோரைடைப் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது. ஒரு மணிநேரம் அசைக்காமல் வைத்தால் மேலே தெளிந்த நீர் நிற்கும். குழாய் உயரத்தில் இருப்பதால் வண்டல் கலங்காமல் தெளிநீர் மட்டும் வெளியே வருகிறது. ஊர் முழுவதற்கும் தண்ணீர் தரும் பெரிய நிலையம் அன்றைய அனந்தபூர் மாவட்டத்தின் கதிரியில் அமைந்தது. தான்சானியா, கென்யா, எத்தியோப்பியா ஆகிய ஆப்பிரிக்க நாடுகளுக்கும் இந்த முறை சென்றது.

முறைக்கு வரம்புகளும் இருந்தன. படிகாரத்தின் அளவு தவறினால் நீரில் அலுமினியம் தங்கிவிடும். சல்பேட் கூடி நீரின் சுவை மாறும். நாள்தோறும் வண்டலை அப்புறப்படுத்த வேண்டும். நீரில் புளோரைடு எவ்வளவு என்று தெரியாமல் மருந்தின் அளவைக் கணிக்க முடியாது. அதைத் துல்லியமாக அளக்கும் புளோரைடு மின்முனை 1966-ல்தான் உருவானது. மாவட்ட ஆய்வகங்களுக்கு வந்தது வெகு தாமதமாக. கூலிக்குப் போய்விட்டு மாலையில் திரும்பும் குடும்பம் இந்த வேலையைத் தினமும் தவறாமல் செய்வது கடினம். ஊருக்கு வைத்த நிலையங்களும் இயக்க ஆளில்லாமலும் பணமில்லாமலும் பல இடங்களில் நின்றுபோயின.

ஆழ்துளைக் கிணற்றின் காலம்

1960-களின் பிற்பகுதி வறட்சிக்குப் பின், கடும்பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறு போடும் பணி யுனிசெஃப் உதவியுடன் நாடெங்கும் வேகமெடுத்தது. 1970-களில் உருவான இந்தியா மார்க் 2 கைப்பம்பு கிராமத்தின் அடையாளமாகவே ஆயிற்று. திறந்த படிக்கிணறுகளின் நீரால் பரவிய நரம்புச் சிலந்தி நோயையும் காலராவையும் ஒடுக்குவதில் இந்தக் கிணறுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 2000-ல் இந்தியா நரம்புச் சிலந்தி அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது.

அதே கிணறுகள் நல்கொண்டா போன்ற மண்ணில் வேறு விளைவைத் தந்தன. மேல்மட்டக் கிணறுகளில் மழை நீர் கலந்து புளோரைடின் செறிவு ஓரளவு தணிந்திருந்தது. ஆழத்தில் பாறையோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடந்த நீரில் அந்தத் தணிவு இல்லை. பாசனத்துக்கும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, நீர்மட்டம் கீழே போகப்போக, மேலும் ஆழத்துக்குத் துளையிட வேண்டியதாயிற்று. கிருமியைப் பார்த்த சோதனை புளோரைடைப் பார்க்கவில்லை. மர்ரிகூடா, முனுகோடு, தேவரகொண்டா வட்டாரங்களில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளைந்த கால்களோடு வளர்ந்தார்கள்.

ஆற்று நீர் வந்த பாதை

ஹைதராபாத் நகரம் இந்த நோயிலிருந்து பெருமளவு தப்பியதற்கு அதன் குடிநீர் ஏரி நீராகவும் ஆற்று நீராகவும் இருந்ததே காரணம். 1908 செப்டம்பரில் மூசி ஆற்றில் வந்த பெருவெள்ளத்துக்குப் பின், பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் ஆலோசனைப்படி கட்டப்பட்ட உஸ்மான் சாகர் 1920-லும் ஹிமாயத் சாகர் 1927-லும் நிறைவடைந்து நகருக்குக் குடிநீர் தந்தன. பிறகு மஞ்சீரா ஆறும், 2004 முதல் கிருஷ்ணா நீரும் சேர்ந்தன. கிருஷ்ணா நீர் நாகார்ஜுன சாகரிலிருந்து நல்கொண்டா மாவட்டத்தின் வழியாகத்தான் தலைநகருக்கு ஏற்றப்படுகிறது. அணையின் இடது கால்வாய் மாவட்டத்தின் தாழ்நிலப் பகுதிகளைச் செழிக்கச் செய்தது. மேட்டு நிலம் வறண்டே கிடந்தது.

இந்த ஏற்றத்தாழ்வே போராட்டமாக வெடித்தது. 1996 மக்களவைத் தேர்தலில் நல்கொண்டா தொகுதியில் 480 பேர் போட்டியிட்டார்கள். பாசனத்துக்கும் குடிநீருக்குமான கோரிக்கையை நாடு கவனிக்கவேண்டும் என்பதற்காக ஜலசாதனா சமிதி என்ற அமைப்பு விவசாயிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் வேட்புமனு தாக்கல் செய்யவைத்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டின் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகள் உள்ளிட்ட 1,033 பேர் போட்டியிட்டதைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். இவற்றுக்குப் பிறகு மக்களவைத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2003-ல் நோயால் முடங்கிய நல்கொண்டாக்காரர்கள் டெல்லிக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாயின் முன் நிறுத்தப்பட்டார்கள். எக்ஸ்-ரே படங்களும் ஆய்வுக் கட்டுரைகளும் அரை நூற்றாண்டாகச் சொல்லிவந்ததை அவர்களின் உடல்களே நேரில் சொல்லவேண்டியிருந்தது.

2014-ல் தெலங்கானா தனி மாநிலமான பிறகு, கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் நீரை ஒவ்வொரு வீட்டுக்கும் குழாயில் தரும் மிஷன் பகீரதா திட்டம் வகுக்கப்பட்டது. அதன் நினைவுத்தூண் 2015-ல் நல்கொண்டா மாவட்டத்தின் சௌட்டுப்பல்லில் எழுப்பப்பட்டது; 2016 ஆகஸ்டில் கஜ்வேலில் பிரதமர் நரேந்திர மோடி திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 2020-ல் தெலங்கானாவில் புளோரைடு பாதித்த குடியிருப்பு எதுவும் மிச்சமில்லை என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதே நோய்க்கு ஆளான தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் காவிரி நீரைக் கொண்டுவந்தது. இரண்டு மாநிலங்களும் எடுத்த முடிவு ஒன்றே: பாறை நீரைச் சுத்திகரிப்பதைவிட ஆற்று நீரைக் கொண்டுவருவதே நிலையான வழி.

எஞ்சியிருப்பவை

குழாய் நீர் வந்தபின் பிறந்த குழந்தைகளின் பல்லும் காலும் நோயின்றி இருக்க வாய்ப்பு கிடைத்திருக்கிறது. ஏற்கனவே எலும்பில் சேர்ந்த புளோரைடு அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தில், பல ஆண்டுகளில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைகிறது. இறுகிப்போன மூட்டும் நெருக்கப்பட்ட தண்டுவடமும் தானாகத் திரும்புவதில்லை. இவர்களுக்கு வேண்டியவை இயன்முறைப் பயிற்சி, சக்கர நாற்காலி, ஊன்றுகோல், வலி நிவாரணம், உரிய நேரத்தில் அறுவை சிகிச்சை, மாதாந்திர உதவித்தொகை ஆகியவை. கால் வளைந்த பிள்ளைகளில் பலரை எலும்பை வெட்டிச் சீரமைக்கும் அறுவை சிகிச்சை நேராக நடக்கவைக்கிறது.

நீரைப் பொறுத்தவரை, குழாய் ஒரு வாரம் நின்றால் மக்கள் மறுபடியும் ஆழ்துளைக் கிணற்றுக்கே போகவேண்டியிருக்கும். புளோரைடு நீரில் விளையும் தானியத்திலும் காய்கறியிலும் அது ஓரளவு சேர்கிறது. ஆகவே கிணறுகளைத் தொடர்ந்து சோதிப்பதும், பள்ளிப் பிள்ளைகளின் பற்களை ஆண்டுதோறும் பார்ப்பதும், சத்தான உணவு கிடைக்கச் செய்வதும் குழாயோடு சேர்ந்து நடக்கவேண்டிய பணிகள். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் புதுப் பல்லில் தோன்றும் வெண்புள்ளிதான் அந்த ஊர் நீர் கெட்டிருப்பதற்கான முதல் எச்சரிக்கை. மூட்டு இறுகுவதற்குப் பல ஆண்டுகளும், தண்டுவடம் நெருக்கப்படுவதற்கு அதற்கு மேலும் ஆகின்றன. அந்த இடைவெளிக்குள் நீரை மாற்றிவிட்டால் நோய் மேலே போகாமல் தடுக்கலாம்.